ஓரத்து வட்டம்

எச்சரிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொல்கிறார்களே, அந்த எல்லோரில் காது கேளாதவர்கள் இருந்ததே இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கத்துவார்கள். கோயிலில் கத்துவார்கள், பள்ளிவாசலில் கத்துவார்கள், மாதா கோயிலில் கத்துவார்கள். கத்துவதைத் தவிர வேறு எதையும் எச்சரிக்கை என்று இந்த நாட்டில் ஒத்துக்கொள்வதில்லை. காது கேளாத ஒருத்தி, அதிலும் ஏழை, அதிலும் தனியாக இருப்பவள், யாருடைய நினைப்பிலும் வரமாட்டாள். எங்கள் மாவட்டத்தில் இதை முதன்முதலாக எழுத்தில் கொடுத்தவள் நான். நீங்கள் இப்போது கைபேசியில் ஒரு மழை எச்சரிக்கை வீடியோவைப் பார்த்தீர்கள் அல்லவா, அதனால் சொல்கிறேன். மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெண் கையசைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காததில் தப்பில்லை, உங்களுக்குக் காது கேட்கிறது. ஆனால் அந்த வட்டத்தை எங்கள் பக்கத்தில் முதலில் வைத்தவள் இப்போது உங்கள் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். இந்தப் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி முழுதாக மூடாது, சாரல் அடிக்கும். சென்னை வரைக்கும் இந்த மழை விடப்போவதில்லை.

நான் தொடர்பியலில் முதுகலை படித்தவள். அதற்கு மேல் ஆய்வும் செய்தேன். மாவட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. அதிகாரிகள் பேசுவதை எடுப்பது, வெட்டுவது, சுருக்குவது, அனுப்புவது, நான்கும் என் பொறுப்பு. எடுப்பதையும் வெட்டுவதையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சுருக்குவதில்தான் வித்தை இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் முகத்துவாரப் பக்கம் நீங்கள் போயிருக்கமாட்டீர்கள். ஆறு கடலில் விழுகிற இடத்தில் சின்னச் சின்னத் திட்டுகள். கோரைத்திட்டு என்று ஒன்று. அங்கே டவர் வரும், போகும். மழை இருட்டினால் போகும். அந்த ஊருக்கு நூறு எம்பி கோப்பை அனுப்பிவிட்டு எச்சரித்துவிட்டேன் என்று சொல்கிறவனைப் போல ஏமாற்றுக்காரன் கிடையாது. நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். என் கோப்பு நான்கு எம்பி. எங்கிருந்தாலும் இறங்கும். படமும் பளிச்சென்று இருக்கும். அதிகாரியின் சட்டைப் பொத்தானை எண்ணலாம்.

இதற்குச் சைகை மொழிக்காரி வேண்டும் என்று கேட்டபோது ஜெயசீலியைக் கொடுத்தார்கள். ஒல்லியான பெண். அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, இவளுக்குக் கேட்கும். வாய்க்குப் பேச்சு வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது என்று அவளே சொல்வாள். நான் வருவதற்கு முன்பு மழை எச்சரிக்கை வந்தால் இவள்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காது கேளாதவர்கள் இருக்கும் வீடு வீடாகப் போவாள். திட்டுகளுக்குப் படகில் போவாள். வாசலில் நின்று கூப்பிட முடியாது அல்லவா, தரையில் காலால் ஓங்கி உதைப்பாளாம். உள்ளே இருப்பவர்கள் அந்த அதிர்வில் திரும்பிப் பார்ப்பார்கள். மண்தரையாக இருந்தால் கீற்று இடுக்கு வழியாக டார்ச் அடிப்பாளாம். பிறகு எதிரே நின்று கையால் சொல்லி, அவர்கள் திரும்பச் சொல்ல வைத்து, புரிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த வீடு.

கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனால் யோசியுங்கள். ஒரு பெண், ஒரு ஸ்கூட்டர், மாவட்டம் முழுவதும். இதை ஒரு அமைப்பு என்று சொல்வீர்களா? நான் அதை மாற்றினேன். ஜெயசீலியை வட்டத்துக்குள் உட்கார வைத்தேன், காது கேளாதவர்கள் எல்லோருக்கும் கைபேசியில் ஒரு குழு ஆரம்பித்தேன், ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும்படி செய்தேன். குழுவில் அலுவலகம் மட்டும்தான் பதிவு போட முடியும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு காலை வணக்கம், பூப்படம் என்று அடைத்துவிடுவார்கள். துணை ஆட்சியருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அப்படியானால் இந்த அம்மா இனிமேல் வீடு வீடாக அலைய வேண்டாமே என்று அவர்தான் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

இப்போது சுருக்குவதைப் பற்றிச் சொல்கிறேன், அது தெரியாமல் என்னை ஏன் குறை சொன்னார்கள் என்பது உங்களுக்குப் புரியாது. வீடியோவைச் சுருக்குகிற மென்பொருளுக்கு அசையாத பொருள் என்றால் உயிர். சுவர் அசையாது, ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். மேசை அசையாது. எங்கள் துணை ஆட்சியர் அதைவிட அசையமாட்டார், உதடு மட்டும் ஆடும். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் தொழிலுக்குக் கிடைத்த வரம். அவரை எவ்வளவு சுருக்கினாலும் தெளிவாக இருப்பார். அசைவதை மட்டும்தான் அது மறுபடி மறுபடி எழுத வேண்டும், எழுத எழுதக் கோப்பு வீங்கும். முதல் வீடியோவைச் சுருக்கிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ஒரு தோசைக்கல் அளவுகூட இல்லாத அந்த வட்டம் கோப்பின் எடையில் பாதிக்குமேல் தின்றிருந்தது. ஜெயசீலியின் கைகள்தான். ஒரு நொடி சும்மா இருக்காத கைகள். விரல், மணிக்கட்டு, முழங்கை, போதாததற்குப் புருவம் வேறு.

அதனால் வட்டத்தை இன்னும் கொஞ்சம் சிறியதாக்கினேன். நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றனவோ அதைப் பாதியாகக் குறைத்தேன். பேசுகிற முகத்துக்கு அது தாராளம். பிறகு மென்பொருளுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தேன், எவ்வளவு அசைந்தாலும் இதற்குமேல் எழுதாதே என்று. இரண்டு முறை ஓட்டினேன், முதல்முறை அளக்க, இரண்டாம்முறை எழுத. நான்கு எம்பி. துணை ஆட்சியரின் பொத்தான் அப்படியே இருந்தது. தலைப்பில் தங்க நிறத்தில் சுழன்று வரும் முத்திரை அப்படியே இருந்தது. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த அளவில் அந்தத் தரத்தை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

மறுநாள் ஜெயசீலி வந்து நின்றாள்.

"மேடம், கை தெரியல."

எங்கே தெரியவில்லை என்று கேட்டேன். கோப்பைத் திறந்தேன், கை கொஞ்சம் நிலைகொண்ட இடமாகப் பார்த்து நிறுத்தினேன். தரம் பார்ப்பது அப்படித்தான். ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரம்கூடத் தெரிந்தது. இதற்குமேல் என்ன தெரிய வேண்டும் என்றேன்.

"நிறுத்துனா தெரியுது மேடம். நாங்க நிறுத்தி நிறுத்தியா பேசுறோம்?"

அவளுக்கு வாய் அதிகம். கையால் பேசிப் பழகியவர்களுக்கு வாயில் பிரேக் இருக்காது போலிருக்கிறது. ஓடவிட்டுப் பாருங்கள் என்றாள். ஓடவிட்டேன். கை வேகமாகப் போகிற இடங்களில் கொஞ்சம் புகைமாதிரி ஆனது உண்மைதான். எந்த வீடியோவில் ஆகாது? அவள் தன் கைபேசியில் அதைத் தன் அம்மாவிடம் காட்டினாளாம்.

"அம்மா பாத்துட்டு, 'ஏன்டி மாவு பிசையிற'ன்னு கேக்குறாங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு யோசனை இருந்தது. துணை ஆட்சியரை எடுத்துவிடுங்கள், முத்திரையை எடுத்துவிடுங்கள், கீழே ஓடுகிற எழுத்தை எடுத்துவிடுங்கள், என்னை மட்டும் ஒரு வெறும் சுவர் முன்னால் திரை முழுக்க வையுங்கள், அப்போதும் கோப்பு சிறியதாகத்தான் இருக்கும், கையும் தெரியும் என்றாள். யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருந்தாள், தொழில்நுட்ப ரீதியாக அதில் பிழை இல்லை. ஆனால் ஒரு அரசாங்க எச்சரிக்கையில் அரசாங்கம் இல்லாமல் ஒரு பெண் மட்டும் கையாட்டிக்கொண்டிருந்தால் அதை யார் நம்புவார்கள்? யாரோ விளையாட்டுக்கு எடுத்தது என்று நினைக்கமாட்டார்களா? இதைச் சொன்னேன்.

"யார நம்புறதுன்னு அவங்களுக்குத் தெரியும் மேடம். எங்கம்மாவோட ஸ்கூல்ல படிச்சவங்க பாதிப் பேரு. அவரு மூஞ்சிய அவங்க பாத்ததே இல்ல."

துணை ஆட்சியரை மூஞ்சி என்று சொன்னதைப் பெரிதுபடுத்தாமல் விட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அந்த அம்மாவோடு படித்தவர்களில் ஒருத்திதான் பொன்னுருவி. நான் நேரில் பார்த்ததில்லை, குழுவில் பெயரைப் பார்த்திருக்கிறேன். கோரைத்திட்டில் டவுன்காரர் ஒருவரின் இறால் குட்டைக்குக் காவல். குட்டை ஊருக்குள் இல்லை, அலையாத்திக் காட்டுக்கு அந்தப் பக்கம். அதன் கரையில் ஒரு கொட்டகை, அதில் அவள் மட்டும். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. எழுத்து, தன் பெயரை எழுதும் அளவுக்குத்தான். ஜெயசீலி அவளைச் சித்தி என்பாள். பொன்னுருவி சித்திக்கு இது புரியாது மேடம், அவங்களுக்குக் கண்ணும் இப்போ மங்கல் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். கண் மங்கலாக இருந்தால் அதற்கு வீடியோ என்ன செய்யும் என்று கேட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை ஆரம்பித்ததும் நிற்கவே இல்லை. மேலே அணை நிரம்பிவிட்டது. அமாவாசையை ஒட்டிய நாட்கள், கடல் ஏறியிருந்தது. கடல் ஏறியிருந்தால் ஆற்றை உள்ளே வாங்காது. வந்த தண்ணீர் திட்டுகளின் மேல்தான் பரவும். அணையைத் திறக்கிறார்கள் என்று தகவல் வந்த அன்று அலுவலகத்தில் ஒருவர் முகமும் சரியாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே பகலிலேயே வண்டிகள் விளக்கு போட்டுக்கொண்டு போயின. காலையிலிருந்து அறிவிப்பு மேல் அறிவிப்பு. முதலாவதை எடுத்தோம், சுருக்கினேன், அனுப்பினேன். இரண்டாவதை எடுத்தோம், அனுப்பினேன். கோரைத்திட்டில் ஒலிபெருக்கி கேட்டு ஜனங்கள் படகில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

அப்போது ஜெயசீலி வந்து கேட்டாள்.

"படகு ஓடுறப்பவே போயிட்டு, பொன்னுருவி சித்திய நேர்ல பாத்துச் சொல்லிட்டு வந்துடுறேன் மேடம்."

மூன்றாவது அறிவிப்பு இருந்தது. அதில்தான் தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்பது வருகிறது, அதுதான் முக்கியமானது. அவள் போய்விட்டால் வட்டம் காலி. வட்டம் காலியாக அனுப்பினால் மறுநாள் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள்? அதைவிட, மற்ற காது கேளாதவர்களுக்கு யார் சொல்வது? ஒருத்திக்காக இத்தனை பேரை விட்டுவிட்டுப் போகப் போகிறாயா என்று கேட்டேன். நியாயமான கேள்வி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் கேட்பேன். குழுவைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். யார் யார் பார்த்தார்கள் என்று அதில் வரும் அல்லவா, பொன்னுருவியின் பெயர் இருந்தது. முதல் அறிவிப்பையும் பார்த்திருக்கிறாள், இரண்டாவதையும் பார்த்திருக்கிறாள்.

"பார்த்துவிட்டாள், போதுமா?" என்றேன்.

"பாத்திருக்காங்க. புரிஞ்சிருந்தா இந்நேரம் எனக்குக் கூப்பிட்டிருப்பாங்க, 'கிளம்பிட்டேன்'னு."

சொன்னாளே தவிர உட்கார்ந்தாள். கறுப்பு மேலாடையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு நல்ல குணம், சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

பதிவு நடக்கும்போது எல்லோருடைய கைபேசியும் ஒலி அடங்கி என் மேசைமேல் இருக்க வேண்டும், அது என் விதி. துணை ஆட்சியர் பேச ஆரம்பித்தார். ஜெயசீலியின் கைபேசித் திரை வெளிச்சமாயிற்று. ஒரு பெண்ணின் படம், சித்தி என்ற பெயர், வீடியோ அழைப்பு. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வது, சொல்லுங்கள். எனக்குச் சைகை தெரியாது, அவளுக்குக் காது கேட்காது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. அந்த வெளிச்சம் துணை ஆட்சியரின் மூக்குக் கண்ணாடியில் விழுந்து பளபளத்தது. பளபளப்பு என்றால் அசைவு, அசைவு என்றால் எடை. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

வட்டத்துக்குள் ஜெயசீலியின் கைகள் அன்றைக்கு எப்படி இருந்தன தெரியுமா? மற்ற நாளைவிட மெதுவாகச் செய்தாள். ஒவ்வொன்றையும் காற்றில் நிறுத்தி நிறுத்திச் செய்தாள். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பேசி முடித்த பிறகும் அவள் கைகள் போய்க்கொண்டே இருந்தன, சொன்னதையே திரும்பச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த வாலை வெட்டிவிட்டேன்.

பதிவு முடிந்ததும் நானே சொன்னேன், அழைப்பு வந்தது என்று. மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? அவள் கைபேசியை எடுத்து நிமிர்த்தினாள். திருப்பி அழைத்தாள். டவர் இல்லை. மறுபடி அழைத்தாள். நான் மூன்றாவது வீடியோவைச் சுருக்கிக்கொண்டிருந்தேன், முதல் ஓட்டம் முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. கனமழையில் ஸ்கூட்டரில் படகுத்துறைக்குப் போயிருக்கிறாள். அதற்குள் நீரோட்டம் கூடிவிட்டது, படகுகளை மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். கோரைத்திட்டு ஜனங்கள் எல்லோரும் கரையில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தப் பொம்பளைக்குத்தான் போன்ல வருதுன்னு சொன்னாங்களே என்று அவர்கள் சொன்னார்களாம். அதைத்தான் நாங்களும் அதற்கு முந்தின மாதக் கூட்டத்தில் அவர்களிடம் சொல்லியிருந்தோம்.

இருட்டுவதற்குள் அவள் திரும்பி வந்தாள். ஆடையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. என் மேசை முன்னால் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கையால் என்னவோ சொன்னாள். சிறிய அசைவு, மெதுவாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. என்னவென்று வாயால் சொல் என்றேன். மறுபடியும் அதையே செய்தாள். எனக்கு எப்படிப் புரியும்? பிறகு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை, நானும் ஆள் அனுப்பவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார்கள். சேர்ந்தது. எப்போது சேர்ந்தது? முதல் இரண்டும் அனுப்பிய உடனே, அந்த மழையிலும்; மூன்றாவதின்போது அங்கே டவர் இல்லை, அதை யாரும் கேட்கவில்லை. பார்த்தாளா? பார்த்தாள். அதற்குமேல் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. வட்டத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் காட்டியிருப்பேன், நிறுத்திக் காட்டியிருப்பேன். கடைசியில் கோப்பின் அளவைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். இவ்வளவு சிறியதாகவா, இவ்வளவு தெளிவாகவா என்று. இப்போது நான் சென்னைக்குப் போவது அதற்காகத்தான். கடலோர மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதே முறையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மழைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த வீடியோ என் முறையில் சுருக்கியதுதான், பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். எவ்வளவு சீக்கிரம் இறங்கியது பார்த்தீர்களா? வட்டத்தில் இருக்கிற பெண் புதியவள். எதிர்த்துப் பேசமாட்டாளாம். கை தெரிகிறதா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை என்று அங்கே இருப்பவர்கள் சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏன் அதை மறுபடி திறக்கிறீர்கள்? அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். பெரிதாக்கினால் எந்தப் படமும் உடையும். அது பார்க்கும் முறை இல்லை.

பொன்னுருவியா? அதைச் சொல்லாமல் விட்டேனா? சொல்கிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அன்று பிற்பகல் மழை இருட்டில் குட்டைக் கரையில் டார்ச்சோடு அவள் நடப்பதைக் கடைசிப் படகில் வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். எந்த மழைக்கும் செய்வதுபோல மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டிருக்கிறாள், இறால் போய்விடாமல் வலையையும் கட்டியிருக்கிறாள். வெள்ளம் அதற்குப் பிறகுதான் வந்தது. வடிந்த பிறகு, கொட்டகைக்கு வெகு தூரம் தள்ளி, அலையாத்தி வேர்களுக்கு நடுவில் உடலை எடுத்தார்கள். அடையாளம் காட்டியது ஜெயசீலியின் அம்மா. கோரைத்திட்டு இடுகாட்டில் இன்னும் தண்ணீர் நின்றதால், டவுனில் கொண்டுவந்து புதைத்தார்கள்.